வேட்டுக்கு முன் ஒரு குரல்

மற்றவர்கள் வீட்டுக்கு நோய் காய்ச்சலாக வரும், இருமலாக வரும். எங்கள் வீட்டுக்கு அது ஒரு சத்தமாக வந்தது. நிலக்கடலை காய் பிடிக்கும் மாசி மாதம். விடிந்து, வெயில் இன்னும் ஏறாத நேரம். நான் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். வடக்கே, கடலைக் கொல்லைப் பக்கமிருந்து டம்மென்று கேட்டது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த என் மருமகள் சுகன்யா நிமிர்ந்து, "என்ன மாமா அது, குவாரியா?" என்றாள்.

"குவாரி வேட்டுன்னா பூமிக்குள்ளருந்து வரும்த்தா, கால்ல தெரியும். இது மேல் சத்தம். நாட்டுத் துப்பாக்கி. மருந்து கொஞ்சம் நமுத்துப் போயிருக்கு" என்றேன்.

சொன்னது அத்தனையும் சரி. பின்னால் வந்த போலீஸ்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். வெடிச் சத்தத்தைக் கேட்டு விவரம் சொல்வதற்கு இந்தத் தாலுகாவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அது யார் மேல் பட்டது என்பது சத்தத்தில் தெரியாது. அந்த நேரம் என் மனைவி வள்ளிக்கண்ணு கடலைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மீசை முளைக்கும் முன் கடப்பாரை பிடித்தவன். எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் ஒரு ஆள் உயரம் தோண்டினால் பாறை. அந்தப் பாறையில் குழி போட்டு, மருந்தை இடித்து இறுக்கிக் கிட்டித்து, வேட்டு வைத்துக் கிணறு இறக்குவது என் தொழில். கூலியாகத் தொடங்கி, சொந்தக் கம்ப்ரசர் லாரி வைத்து, காண்ட்ராக்டர் ஆனேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் என் கை பட்டதாகத்தான் இருக்கும். என் வேட்டில் ஒரு ஆளுக்குச் சிராய்ப்பு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. குண்டு பட்டுப் பிழைத்தவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இது உதவட்டும். எழுத்துப் பிழைகளைச் சுகன்யா திருத்தினாள். பெருமையைத் திருத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வள்ளிக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு வந்தவன், சுட்டவன்தான். பெயர் சின்னையா. எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். அதைத் தாங்க முடியாமல் தன் தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்திருக்கிறான். அன்றைக்கு வரப்போரம் புல் அசைந்தது. சுட்டுவிட்டான்.

தோளில் அவளைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவன், "பன்னின்னு நெனச்சுட்டேண்ணே, பன்னின்னு நெனச்சுட்டேண்ணே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளிலிருந்து அவளை வாங்கி என் ஜீப்பில் கிடத்தினேன். அவள் கையில் கதிர் அரிவாள் அப்படியே இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். இடது தோள், கழுத்து, நெஞ்சின் மேல்பக்கம் எங்கும் கம்பு தானியத்தை வாரி இறைத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். நாட்டுத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போடுவதில்லை. ரவை (பொடி ஈய உருண்டைகள்) போட்டுக் கிட்டிப்பார்கள். அது விரிந்துகொண்டே போய் விழும். தூரத்தில் இருந்ததால் உயிர் தப்பியது என்றார்கள்.

ஒரு ரவை நுரையீரலைத் தொட்டிருந்தது. நிமோதோராக்ஸ் (நுரையீரலில் ஓட்டை விழுந்து, அதன் வழியே வரும் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் அடைத்துக்கொள்வது) என்று எழுதினார்கள். விலா எலும்புக்கு நடுவில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் விட்டிருந்தார்கள். தண்ணீரில் குமிழி வந்தால் அடைபட்ட காற்று வெளியேறுகிறது. குமிழி நின்றால் ஓட்டை ஆறுகிறது. எனக்கு இப்படிச் சொன்னால் புரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பேன். கம்ப்ரசர் ஓடும்போது அளவுமானியைப் பார்த்த கண் அது.

குமிழி நின்றது. குழாயை எடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவள் என்னிடம் பேச வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

அசதி என்று நினைத்தேன். தொண்டை டாக்டர் வந்து சின்னக் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண் வாதம் (தொண்டையில் குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகளில் ஒன்று அசையாமல் நின்றுவிடுவது) என்றார். அந்த மடிப்புக்குப் போகும் நரம்பை ஒரு ரவை உரசியிருக்கிறது. நரம்பு அறுந்திருந்தால் வராது, நசுங்கியிருந்தால் மெல்ல வரும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறும், தாடையைத் தாழ்த்தி நெஞ்சோடு சேர்த்துவைத்து விழுங்கச் சொல்லுங்கள் என்றார். இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிகவும் உதவியது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் குரல் போவது வேறு, வள்ளிக்கண்ணு குரல் போவது வேறு.

கல்யாணமான புதிதில் அவளும் என்னோடு கிணற்று வேலைக்கு வந்தாள். நான் உள்ளே இறங்கித் திரிக்குத் தீ வைக்கும்போது மேலே நின்று குரல் கொடுப்பது அவள் வேலை. சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்து, "வேட்டேய்... வேட்டு... ஒதுங்கேய்" என்று மூன்று தடவை, மூன்று பக்கமும் திரும்பிக் கத்துவாள். ஆடு மேய்க்கிறவர்கள், வண்டிக்காரர்கள், பக்கத்துக் கொல்லையில் களை எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒதுங்குவார்கள். பிறகு வேட்டுகளை எண்ணுவாள். போட்ட குழிக்கும் கேட்ட வேட்டுக்கும் கணக்குச் சரியாக இருந்தால்தான், "எறங்கலாம்" என்பாள். ஒன்று குறைந்தால் முதலாளியே வந்து சொன்னாலும் இறங்க விடமாட்டாள். என் வேட்டில் ஒருவருக்கும் சிராய்ப்பு இல்லை என்று மேலே எழுதினேனே, அந்தப் பெருமையில் பாதி அந்தத் தொண்டைக்குச் சேர வேண்டியது. பாதிக்கு மேலேயே இருக்கலாம்.

அப்படி ஊரையெல்லாம் ஒதுக்கி வைத்தவளுக்கு, அன்றைக்கு ஒதுங்கு என்று சொல்ல ஒருத்தர் இல்லை.

தோலுக்கு அடியில் தட்டுப்பட்ட ரவைகளை எடுத்தார்கள். ஆழத்தில் இருந்தவற்றை விட்டுவிட்டார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே ஒன்று பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக் கிடந்தது. அதையும் எடுக்கப்போவதில்லை என்று அறுவை டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பேத்தி வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு பாறையைப் பெயர்த்தவன் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஐயா, கெணத்துல ஒரு தோட்டா வெடிக்காம நின்னுருச்சுன்னா என்ன செய்வீங்க? தோண்டி எடுத்துருவீங்களா?"

"அதைத் தொடவே கூடாதும்மா. அது கெடக்கட்டும்னு தள்ளி வந்துரணும்."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார்.

சுற்றிலும் சதை வளர்ந்து உறைபோல மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, எடுக்கப் போனால்தான் ஆபத்து என்று விளக்கினார். மூட்டுக்குள் கிடந்திருந்தால் கட்டாயம் எடுத்திருப்பாராம். ஈயம் என்பதால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேயைத் தொலைக்கக் கூடாது. பிற்காலத்தில் எந்த டாக்டரிடம் போனாலும், ஸ்கேன் எடுக்கப் போனாலும் முதல் வார்த்தையாக உள்ளே ரவை இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த எக்ஸ்ரே அரிசி டிரம்முக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் நிற்கிறது.

உறவுக்காரர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். அரிமளத்திலிருந்து என் பங்காளி ஒருவன் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தான். கழுத்தில் வைத்துத் தேய்த்தால் ரவை இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். காந்தம் ஈயத்தை இழுக்காது என்பது மூன்றாம் வகுப்புக்காரனான எனக்கே தெரியும். வள்ளிக்கண்ணு அவனைச் சைகையில் கூப்பிட்டு, காந்தத்தை வாங்கி அவன் வாயருகே கொண்டுபோனாள். பேச்சை இழுக்குமா என்று பார்க்கிறாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

உடம்பு தேறியது. நடந்தாள், சாப்பிட்டாள். ஆனால் பின்கட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை.

தகரக் கதவு காற்றில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தேங்காய் விழுந்தால், டிராக்டர் புகைக்குழாய் வெடித்தால், குக்கர் விசிலடித்தால், உடம்பெல்லாம் வேர்த்து, கை கழுத்துக்குப் போய்விடும். அந்தப் பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் திருவிழா. சாமி புறப்படும் முன் கண்மாய்க் கரையில் இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்து மூன்று வேட்டுப் போடுவது வழக்கம். பல வருஷமாக அது என் உபயம். என் வேட்டுச் சத்தம் அடுத்த ஊர்ச் சாமியையும் எழுப்பிவிடும் என்று கேலி பேசுவார்கள், எனக்கு அது பிடிக்கும். அந்த வருஷம் வேட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாமி சத்தமில்லாமல் புறப்பட்டது.

ஊரும் மாறித்தான் போனது. வெயில் ஏறும் முன் பெண்கள் கொல்லைக்குப் போவதை நிறுத்தினார்கள். போனால் பேசிக்கொண்டே போனார்கள், பாட்டுப் போட்ட போனைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள், பன்றி இல்லை என்று தெரியட்டும் என்று. எங்கள் வீட்டில் துப்பாக்கியே கிடையாது என்று ஒவ்வொருத்தரும் போலீசிடம் சத்தியம் செய்தார்கள். கோடையில் தண்ணீர் இறங்கியபோது, என் கொல்லைக் கிணற்றின் அடியில் இரண்டு துருப்பிடித்த துப்பாக்கிக் குழல்கள் தெரிந்தன. யார் வீட்டுப் பரணிலிருந்து வந்தவை என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். என் கிணற்றில் கிடைத்ததிலேயே நல்ல சரக்கு அதுதான்.

மனநல டாக்டரிடம் போகச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. போனோம். பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோவு (ஆபத்து முடிந்த பிறகும், அது முடியவில்லை என்று உடம்பு காவல் காத்துக்கொண்டே இருப்பது) என்றார். இது பைத்தியம் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை, உடம்பு தன் வேலையை விடாமல் செய்வதுதான் என்றார். மாத்திரை கொடுத்தார். சொல்லாமல் வரும் சத்தம்தான் இவர்களுக்கு எதிரி, முடிந்தவரை முன்கூட்டிச் சொல்லிப் பழக்குங்கள் என்றார்.

முன்கூட்டிச் சொல்வதா? எங்கள் தொழிலே அதுதானே. என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் கோயில் மைக்கைப் பிடித்தேன். எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் எந்தச் சத்தம் எழுப்புவதாக இருந்தாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தேன். எனக்கு ஊரில் உள்ள மதிப்பை நீங்கள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தரும் என் பேச்சைத் தட்டவில்லை. "ஆத்தா, குக்கர் வைக்கிறேன்", "அத்தை, தேங்கா ஒடைக்கப் போறேன்", "வண்டி ஸ்டார்ட் பண்றேன் ஆத்தா" என்று காலையிலிருந்து குரல்கள். பால்காரர் கேனை இறக்கும் முன் சொல்வார். கல்லூரி போகும் பிள்ளை ஒன்று, "ஆத்தா, தும்மப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தும்மியது. நான் வாசலில் நாற்காலி போட்டு, குரல் கொடுக்காமல் விட்டவர்களை அதட்டிக்கொண்டிருந்தேன். கிணற்று வேலையை மேற்பார்வை செய்வதுபோல ஒரு திருப்தி.

அவள் மட்டும் இன்னும் உள்ளே போய்விட்டாள். பின்கட்டு அறைக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

நான் கதவைத் தட்டப் போய், முதலில் "தட்டப் போறேன்" என்று சொன்னேன். கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் காற்றுக் குரலில் சொன்னாள்.

"ஒரு வேட்டுக்கு மூணு தடவைதான் கத்துவோம். நாள் பூரா ஒதுங்கு ஒதுங்குன்னா மனுசி எப்பங்க வேலை பாக்குறது? எந்நேரமும் ஏதோ வெடிக்கப் போகுதுன்னே உக்காந்துருக்கேன்."

இத்தனை கிணறு வெட்டிய எனக்கு இது உறைக்கவில்லை. எல்லாச் சத்தத்தையும் வேட்டாக்கி வைத்திருக்கிறேன்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். நாள் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லா வீட்டுச் சத்தமும் அத்துப்படியாகிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து மட்டும் குரலும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. பின்தெருவில் சின்னையா வீடு. அவன் ஜாமீனில் வந்து, ஊரில் முகம் காட்ட முடியாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வழக்கு நடக்கிறது. அவன் மனைவி ராசாத்தி மட்டும் அந்த வீட்டில் இருக்கிறாள். அவள் குக்கரை நிறுத்திவிட்டு மண்சட்டியில் பொங்குகிறாள், மிக்சி போடுவதில்லை, கிணற்றடியில் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள் என்று சுகன்யா விசாரித்து வந்து சொன்னாள். அந்த வீட்டு முன்னால் யாரும் நின்று பேசுவதும் கிடையாது.

"சாமத்துல கூட ஒரு இருமல் இல்லங்க அங்கிட்டு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வள்ளிக்கண்ணு. "குக்கர் வைக்கச் சொல்லுங்க அவள."

எனக்குப் போக மனம் இல்லை. சுகன்யாவை அனுப்பினேன். அன்று பகலில் பின்தெருவிலிருந்து ஒரு விசில் வந்தது. வள்ளிக்கண்ணு கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், வேர்த்தாள், ஆனால் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "பருப்பு வேகுது" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.  அந்த விசிலுக்குப் பிறகுதான் என் வீட்டில் நோய் திரும்ப ஆரம்பித்தது.

மைக்கில் போட்ட உத்தரவை ரத்து செய்தேன். பெரிய சத்தத்துக்கு மட்டும் சொன்னால் போதும் என்றேன். மற்றவற்றை அவளே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பழகினாள். இது கதவு, இது தேங்காய், இது சுகன்யா தட்டைக் கீழே போட்டது.

ஆஸ்பத்திரியில் குரலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு ஊதிக்கொண்டே ஓசை எழுப்ப வேண்டும். இன்னொன்று, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்துத் தள்ளிக்கொண்டு "ஆ" சொல்ல வேண்டும். தள்ளும்போது தொண்டை மடிப்புகள் இறுகும், அசையும் மடிப்பு அசையாததைத் தேடிப்போய்த் தொடும் என்றார்கள். சுவர் வேண்டாம் என்றாள், சில்லென்று இருக்கிறதாம். ஆகையால் என் உள்ளங்கையில் அவள் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவாள். இரண்டு பேர் கையும் காய்த்துப்போன கை. நானும் "ஆ" சொல்வேன். சுகன்யா பார்த்துவிட்டு, "கல்யாண வயசுலகூட நீங்க ரெண்டு பேரும் இப்பிடிக் கையப் புடிச்சுருக்க மாட்டீங்க" என்று கிண்டல் செய்வாள். உண்மைதான். அந்த வயதில் எங்கள் கையில் கடப்பாரை இருந்தது.

மழைக்காலம் முழுக்க வெறும் காற்று. தை பிறந்த பிறகு ஒரு காலை, தள்ளிக்கொண்டிருக்கும்போது கதவு கிறீச்சிடுவதுபோல ஒன்று வந்தது. இரண்டு பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தோம். கதவு சாத்தித்தான் இருந்தது.

குரல் அவ்வளவுதான் வந்தது. சல்லடையில் கற்களைச் சலிப்பதுபோன்ற கரகரப்பு. பழைய குரல் வராது, இது மெல்லத் தெளியலாம் என்றார் தொண்டை டாக்டர். அந்தக் கரகரப்பில் அவள் முதலில் முழுசாகச் சொன்ன வாக்கியம், என் சட்டைக்குப் பட்டன் தப்பாகப் போட்டிருக்கிறது என்பது.

பங்குனி வந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் பிழைத்து எழுந்த வள்ளிக்கண்ணுவுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்ய ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது என்றார். வேட்டு இந்த வருஷமும் வேண்டாம், ஊருக்கே மனசு ஒப்பவில்லை என்றார். முதல் மரியாதை வழக்கமாக எனக்கு வருவது. என் வீட்டை விட்டுப் போகவில்லையே என்று நான் தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து வள்ளிக்கண்ணு வந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"துண்டெல்லாம் எனக்கு வேணாண்ணே. வேட்டுப் போடுங்க. ஆனா நான் சொன்னதுக்கப்புறம் போடுங்க."

அம்பலம் என்னைப் பார்த்தார். "மாப்ள, தங்கச்சி கொரலு கம்மாக்கரை வரைக்கும் எட்டுமா?"

"நிக்கிற எடத்துக்கு எட்டும். மிச்சத்த நீங்க கொண்டு போங்க" என்றாள் அவள்.

சாமி புறப்படும் மாலை, வெயில் தாழ, ஆஸ்பத்திரிக்குப் போனது போக, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எங்கள் வாசலைத் தாண்டினாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வரை நடந்தாள். கோயில் வாசலிலிருந்து கண்மாய்க் கரை வரை ஊர் வரிசையாக நின்றது. கரையில் வேட்டுக்காரர் குழாயருகே குந்தியிருந்தார். கொட்டு மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

அவள் பேசவில்லை. கை கழுத்தில் இருந்தது. வேர்வை முதுகில் இறங்குவதைப் பார்த்தேன். சாமி தோளில் இருந்தது, தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஒரு குழந்தை அழுதது, அதை யாரோ தூக்கிப் போனார்கள்.  என் வாழ்நாளில் நான் பேசாமல் நின்ற நேரங்களில் அதுதான் பெரியது. வேண்டுமானால் அவள் திரும்பி வீட்டுக்குப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

என் முழங்கையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கோயில் கல்தூணில் வைத்துத் தள்ளினாள்.

"வேட்டேய்..."

நாலு பேருக்குத்தான் கேட்டிருக்கும். அந்த நாலு பேர் அதை வாங்கித் திரும்பக் கத்தினார்கள். அடுத்தவர்கள் வாங்கினார்கள். "வேட்டேய்" என்று அது மளிகைக் கடையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனது. பின்தெருத் திருப்பத்தில் நின்றுவிட்டது. சின்னையா வீட்டு முன்னால் வரிசை அறுந்திருந்தது. வழக்கம்போல அங்கே நிற்க யாரும் இல்லை. அதற்கு அப்பால் இருந்தவர்களுக்குக் குரல் எட்டவில்லை. வேட்டுக்காரர் கையைக் காதில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த வீட்டுக் கதவு திறந்தது. ராசாத்தி படியில் வந்து நின்றாள். ஒரு வருஷமாகக் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தவள், இரண்டு கையையும் வாயில் குவித்து, "வேட்டேய்... வேட்டு... ஒதுங்கேய்" என்றாள். குரல் நடுவில் உடைந்தது. கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

வள்ளிக்கண்ணு மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் அந்த வாசலைத் தாண்டிப் போனது. பிறகு வேட்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் துள்ளியது, கால் துள்ளவில்லை. மூன்றாவதும் முடிந்தது. கொட்டுக்காரர்கள் கோலை ஓங்கினார்கள். அவள் கையை உயர்த்தினாள். எல்லோரும் நின்றார்கள். புகை கலையும்வரை காத்திருப்பது கிணற்று வேலையின் சட்டம். ஊருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். புகை கண்மாய்த் தண்ணீர் மேல் படிந்து, நகர்ந்து, கரைந்தது.

"எறங்கலாம்" என்றாள்.

இன்றைக்கும் திடீரென்று கதவடித்தால் அவளுக்கு வேர்க்கிறது. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. குணமாகிவிட்டதா என்று கேட்டால் என்ன சொல்வது? குணமாதல் என்பது அவளைப் பழைய ஆளாகத் திருப்பித் தருவதாக நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. வெளியே கிளம்புவதற்கு முன் ஒரு கணம் வாசலில் நிற்கிறாள். முன்பெல்லாம் எங்கே போனாலும் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் ஓடி வருவாள். இப்போது அந்தக் கணம் முடியும்வரை நானும் நிற்கிறேன். என்னிடம் அவசரம் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போனதென்று தெரியவில்லை.

கழுத்தெலும்புக்குக் கீழே அந்த ரவை அப்படியே கிடக்கிறது. மழைக்கு முன்னால் அந்த இடம் விண்விண்ணென்று வலிக்கிறதாம். தனக்குச் சொல்லாமல் எந்த மழையும் இனி வராது என்கிறாள்.

போன வாரம் களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். மேகத்தைப் பார்த்து மழை சொல்வதிலும் இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அவள் வாசலில் வந்து நின்று, விரலால் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கரகரத்த குரலில், "கடலைய அள்ளுங்க" என்றாள்.

நான் வானத்தைப் பார்க்கவில்லை. அள்ளினேன்.